ஓங்கி அடிக்கும் இளைஞன்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகே அனந்தபுரம் என்னும் பேரூர் உள்ளது. நெல்லும் மணிலாக்கடலையும் விளையும் பகுதி அது. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏரிகள் பல உண்டு. மழைக்காலத்தில் நீர் தளும்பி நிற்கும் அவ்வேரிகள் கோடையில் வற்றும்போது, அவற்றின் உட்பரப்பே சிறுவர்களுக்கு விளையாட்டுக் களமாகிவிடும். பள்ளி விடுமுறை நாள்களில், வெயில் தணியும் வேளையில், அக்களங்களில் கிரிக்கெட் ஆட்டம் மும்முரமாக நடைபெறும். மூன்று குச்சிகளை நட்டால் அவையே விக்கெட், ஏரிக்கரையே எல்லைக்கோடு.

அத்தகைய களம் ஒன்றில் பதினாறு வயது மாணவன் ஒருவன் மட்டையை ஓங்கிச் சுழற்றுகிறான். பந்து கரையைத் தாண்டி, கரைமேல் நிற்கும் பனைமரங்களுக்கும் அப்பால் போய் விழுகிறது என்க. உடனே காண்போரிடையே இரண்டு குரல்கள் எழும். “இவன் இந்திய அணிக்கே ஆடுவான்” என்பது ஒரு குரல். “இது குருட்டடி, நல்ல பந்து ஒன்று வந்தால் குச்சி பறந்துவிடும்” என்பது மற்றொரு குரல். முன்னது அன்பினால் எழுவது. பின்னது ஆட்டத்தைப் பல காலம் கண்ட பழக்கத்தினால் எழுவது. ஆயினும் இரண்டிலும் ஒரே குறை உண்டு. ஒரே ஓர் அடியைக் கண்ட அளவில் ஒருவனை முழுதும் அளந்துவிட்டதாக எண்ணுவதே அக்குறை.

இளைஞன் ஒருவனின் திறனை அளந்தறிவது எளிய செயலன்று. அளப்பவர் தவறினால் அவருக்கு நேரும் இழப்பு சிறிது. அளக்கப்பட்டவனுக்கு நேரும் இழப்போ பெரிது. மிகுத்து மதிப்பிடப்பட்டவன் புகழ்மொழியை நம்பிப் பாடநூலை மூடி வைக்கிறான். சில ஆண்டுகள் கழித்து ஆட்டமும் கைகொடாமல், கல்வியும் கைகொடாமல் நடுவழியில் நிற்கிறான். குறைத்து மதிப்பிடப்பட்டவனோ தன்னிடம் இருந்தது இன்னதென்று அறியாமலே மட்டையைப் பரணில் ஏற்றிவிடுகிறான். அவனுடைய இழப்பு ஊரார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆதலால், முதிராத வலிமையை அறிவுடையோர் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை அறிந்துகொள்ளுதல் ஆட்டக்காரர்க்கு மட்டுமன்றி, பிறரை மதிப்பிடும் கடமை உடைய யாவர்க்கும் பயன்தரும்.

பந்தை நெடுந்தொலைவு அடிப்பதற்குத் தோள்வலி மட்டும் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கிரிக்கெட் ஆடுகளத்தில் இருபுற விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 22 கெஜம்; அஃதாவது 66 அடி. மணிக்கு 140 கிலோமீட்டர் விரைவில் வரும் பந்து வீச்சாளரின் கையை விட்டு மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை வினாடியே ஆகிறது. அந்த அரை வினாடிக்குள் கண் பந்தின் நீளத்தையும் திசையையும் அறிய வேண்டும். எந்த அடியை அடிப்பது என்று மனம் துணிய வேண்டும். கால் இடம்பெயர வேண்டும். இடுப்பு திரும்ப வேண்டும். அதன்பின்னரே தோளும் மணிக்கட்டும் தம் வேலையைச் செய்ய வேண்டும். மட்டை ஒரு கணம் முந்தினாலும் பந்து வானை நோக்கி எழும்பிப் பிடிப்பவர் கையில் விழும். ஒரு கணம் பிந்தினாலும் விக்கெட் சாயும். இவ்வாறு பார்த்தால், நெடிய அடியில் கையின் பங்கு இறுதிப் பங்கே ஆகும். கண்ணும் காலும் முன்னரே தம் கடமையை முடித்திருத்தல் வேண்டும்.

ஏரிக்களத்தில் ஆடும் சிறுவர்கள் பெரும்பாலும் டென்னிஸ் பந்தையே பயன்படுத்துகின்றனர். அதன் எடை ஏறத்தாழ 57 கிராம். முறையான ஆட்டத்தில் பயன்படும் தோலுறை போர்த்த பந்தின் எடையோ 156 கிராமுக்குக் குறையாது. எடையில் மட்டும் அன்று, இயல்பிலும் இரண்டும் வேறுபட்டவை. டென்னிஸ் பந்து மென்மையானது. தரையில் பட்டு உயர எழும்புவது. உடலில் பட்டாலும் பெருந்தீங்கு செய்யாது. தோற்பந்தின் நடுவே தையல் ஓடுகிறது. அத்தையலின் துணையால் பந்து காற்றில் வளைந்து செல்லும். தரையில் பட்டபின் திசை மாறும். உடலில் பட்டால் எலும்பையும் முறிக்கும். ஆகவே, டென்னிஸ் பந்தைக் கரைக்கு அப்பால் அடிப்பவன் தோற்பந்தையும் அவ்வாறே அடிப்பான் என்று துணிந்து கூற இயலாது. அடிக்கமாட்டான் என்று கூறுவதும் பொருந்தாது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் வளர்ந்த நடராசன் என்னும் பந்து வீச்சாளர், 2020ஆம் ஆண்டின் இறுதியிலும் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நடைபெற்ற ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். சிற்றூர்க் களத்தில் தோன்றும் திறன் பெரிய களத்திலும் நிற்கும் என்பதற்கு அவர் சான்று. ஆனால், அந்தத் திறன் புதிய பந்தில் மீண்டும் பழக்கப்பட வேண்டும். மீண்டும் அளக்கப்படவும் வேண்டும்.

இவ்வாறு அளக்கும் தொழிலை ஒரு கலையாகவே வளர்த்துள்ள நாடு அமெரிக்கா. அங்குப் பெருவழக்காக உள்ள ஆட்டம் பேஸ்பால். உருண்டையான கட்டை ஒன்றால் பந்தை அடிக்கும் ஆட்டம் அது. பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் நின்று எறிய, அடிப்பவர் அதனை மைதானத்தின் வேலிக்கு அப்பால் அனுப்ப முயல்வார். பெரிய அணிகள் ஒவ்வொன்றும் ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைக் கண்டறியும் தெரிவாளர்களை அமர்த்தியுள்ளன. பள்ளி மைதானங்களில் ஓர் ஓரமாக அமர்ந்து, கையேட்டில் குறிப்பெடுப்பதே அவர்கள் தொழில்.

அத்தெரிவாளர்கள் ஓர் இளைஞனிடம் ஐந்து திறன்களை நோக்குகின்றனர். பந்தைத் தவறாமல் தொடுதல், வலிமையுடன் அடித்தல், ஓடுதல், எறிதல், பிடித்தல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் வழங்குகின்றனர். 50 என்பது பெரிய அணியில் ஆடுவோரின் நடுத்தர நிலை. இம்முறையில் கருதத்தக்க நுட்பங்கள் இரண்டு உண்டு. இன்று இருக்கும் நிலைக்கு ஒரு மதிப்பெண்ணும், முதிர்ந்த பின் அடையக்கூடிய நிலைக்கு மற்றொரு மதிப்பெண்ணும் தனித்தனியே எழுதுவது ஒன்று. வலிமையையும் இரண்டாகப் பிரித்து நோக்குவது மற்றொன்று. பயிற்சியின்போது, எளிதாக எறியப்படும் பந்தை எத்துணைத் தொலைவு அடிக்கிறான் என்பது முதல் வலிமை. தன்னை வீழ்த்தவே எறியப்படும் பந்தைப் போட்டியில் எவ்வாறு அடிக்கிறான் என்பது இரண்டாம் வலிமை. முன்னதில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறும் இளைஞன் பின்னதில் மிகத் தாழ்ந்து நிற்றல் அரிதன்று. ஏரிக்கரையில் எழும் இரு குரல்களும் இவ்வேறுபாட்டைக் கருதாமையால் எழுவனவே.

வலிமையுடையவன் தவறுவதும் மிகுதி என்பதை அத்தெரிவாளர்கள் நன்கு அறிவர். பேப் ரூத் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் 1914 முதல் 1935 வரை ஆடினார். அவர் வேலிக்கு அப்பால் பந்தை அனுப்பிய முறைகள் 714. மூன்று வாய்ப்புகளும் தவறி, பந்தை முறையாக அடிக்காமலே வெளியேறிய முறைகளோ 1,330. அவருடைய தோல்விகளை மட்டும் எண்ணியிருந்தால் அவரை ஆட்டத்திலிருந்தே விலக்கியிருப்பர். வெற்றிகளை மட்டும் எண்ணியிருந்தால் அவருடைய ஆட்டத்தின் இயல்பை அறியாதிருந்திருப்பர். இரண்டையும் ஒருசேர நோக்கியபோதே அவருடைய பெருமை விளங்கியது.

அந்த அமெரிக்க ஆட்டத்திற்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கர் சிலர் இந்தியாவில் பந்தெறியும் போட்டி ஒன்றை நடத்தினர். விரைவை அளக்கும் கருவியின் முன் பல்லாயிரம் இளைஞர்கள் பந்தெறிந்தனர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இருவர் சிறந்து விளங்கினர். இருவரும் ஈட்டி எறிதலில் பயின்றவர்கள். பேஸ்பால் ஆட்டத்தை அதற்குமுன் ஆடியறியாதவர்கள். அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளித்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே பிட்சுபர்க் நகரத்து அணி அவ்விருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டில் அவர்கள் அவ்வணியின் இளநிலைப் போட்டிகளில் ஆடினர். அறியாத ஓர் ஆட்டத்தைக் குறுகிய காலத்தில் கற்று அந்நிலை எய்தியது அரிய செயலே. ஆயினும் இருவரும் முதல்நிலைப் போட்டியை எட்டவில்லை. கருவி அவர்களுடைய விரைவைப் பிழையின்றி அளந்தது. சிறு வயது முதலே பந்தைக் கையில் வைத்து வளர்ந்த ஒருவனிடம் படியும் நுட்பத்தை ஒரு நாளில் அளக்கவோ இரண்டு ஆண்டில் ஊட்டவோ எக்கருவியாலும் இயலாது.

இனி, தமிழ்நாட்டில் தோன்றிய ஒருவரின் ஆட்ட வாழ்வை நோக்கினால் இவ்வளவையின் அருமை தெளிவாகும். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 1959ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். அக்காலத்தில் முதலில் களமிறங்கும் மட்டையாளர்க்கென்று ஓர் இலக்கணம் வகுத்திருந்தனர். புதிய பந்து வளையும். ஆகவே பொறுத்திருக்க வேண்டும். தீய பந்து வரும்வரை மட்டையை நேராக வைத்துத் தடுக்க வேண்டும் என்பது அவ்விலக்கணம். ஸ்ரீகாந்தோ முதற்பந்திலிருந்தே அடிக்கத் தொடங்குவார். பந்துக்கும் பந்துக்கும் இடையே ஓரிடத்தில் நில்லாமல் நடந்துகொண்டே இருப்பார். நூல்முறை கற்றோர் கண்ணுக்கு அவர் ஆட்டம் ஒழுங்கற்றதாகவே தோன்றியது.

1981ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இருபத்திரண்டு வயதும் நிரம்பாத நிலையில், இங்கிலாந்துக்கு எதிராக அவர் இந்திய அணியில் இடம்பெற்றார். பம்பாயில் நடைபெற்ற அவருடைய முதல் டெஸ்ட் ஆட்டத்தின் முதல் முறையில் ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை. இரண்டாம் முறையில் 13 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது, பந்து இன்னும் ஆட்டத்தில் இருப்பதைக் கருதாமல் கோட்டைவிட்டு வெளியே நடந்தார். அதனைக் கண்ட எம்புரி என்னும் ஆட்டக்காரர் பந்தை எறிந்து விக்கெட்டை வீழ்த்திவிட்டார். மறுமுனையில் தொடக்க ஆட்டக்காரராக இருந்தவர் சுனில் கவாஸ்கர். பொறுமைக்கும் பிழையற்ற முறைக்கும் உலகமே எடுத்துக்காட்டாகக் கூறிய கவாஸ்கருக்குத் துணையாக, கோட்டுக்குள் நிற்கவும் மறந்த ஓர் இளைஞன் வந்து சேர்ந்ததைக் கண்டோர் ஐயுற்றிருப்பின், அவர்மீது குற்றம் காண இயலாது.

அன்று அளந்தவர்கள் அந்த ஒரு பிழையோடு கையேட்டை மூடியிருந்தால் என்னாகியிருக்கும்? ஸ்ரீகாந்திடம் கற்பிக்கக்கூடிய குறைகள் பல இருந்தன. கற்பிக்க இயலாத நிறைவு ஒன்றும் இருந்தது. பந்தின் நீளத்தை மற்றவரினும் ஒரு கணம் முந்தி அறியும் கண்ணும், அறிந்ததை அஞ்சாமல் அடிக்கும் உள்ளமும் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தன. கோட்டுக்குள் நிற்கக் கற்பித்துவிடலாம். மிக விரைந்த பந்தின் எதிரே அஞ்சாதிருக்கக் கற்பித்தல் அரிது.

அதன் பயன் 1983ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் வெளிப்பட்டது. இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர்கள், முந்தைய இரு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த மேற்கிந்தியத் தீவு அணியினர். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்னும் நால்வரும் அவர்களுடைய விரைவு வீச்சாளர்கள். கவாஸ்கர் 2 ஓட்டங்களிலேயே வெளியேறினார். அந்நிலையில் தற்காத்து ஆடுவதே முறை என்று எவரும் கூறுவர். ஸ்ரீகாந்தோ ராபர்ட்ஸ் வீசிய பந்தை, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, எல்லைக்கோட்டை நோக்கி விளாசினார். அவ்வடி இன்றளவும் பேசப்படுகிறது. 57 பந்துகளில் அவர் 38 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் ஏழு நான்குகளும் ஓர் ஆறும் அடங்கும். இந்தியா எடுத்த மொத்தம் 183 ஓட்டங்கள். எதிரணி 140 ஓட்டங்களில் வீழ்ந்தது. அன்று இரு அணிகளிலும் ஆடிய இருபத்திருவருள் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் ஸ்ரீகாந்தே. 38 என்னும் எண் சிறிதாகத் தோன்றலாம். வென்றதோ 43 ஓட்ட வேறுபாட்டில். அந்த 38 இல்லாதிருந்தால் ஆட்டத்தின் போக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் கணக்கறிந்த மாணவர் எளிதில் உணர்வர்.

எனினும், புகழை மட்டும் கூறி முடிப்பது அளவை ஆகாது. ஸ்ரீகாந்த் 1992 வரை 43 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடி 2,062 ஓட்டங்கள் எடுத்தார். 1986இல் சிட்னி நகரில் 116, 1987இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 123 என இரண்டு முறை மட்டுமே நூறு கண்டார். 146 ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்தவை 4,091 ஓட்டங்கள். இருவகை ஆட்டத்திலும் அவருடைய சராசரி முப்பதை எட்டவில்லை. அடிக்கத் தகாத பந்தை அடித்து ஆட்டமிழந்த நாள்கள் அவர் வாழ்வில் பல. அவருடைய வலிமை முழுதும் கனிந்ததென்று கூற இயலாது. ஆயினும் அவர் தொடங்கிய வழி வீண்போகவில்லை. ஒருநாள் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே துணிந்து அடிக்கும் முறையை 1996ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில் இலங்கை அணியின் ஜயசூரியாவும் களுவிதாரணாவும் கையாண்டபோது உலகம் வியந்தது. அவ்வணியே கோப்பையையும் வென்றது. குறை என்று முன்னாளில் எண்ணப்பட்டதே பின்னாளில் முறையாயிற்று. ஆகவே, இன்றைய இலக்கணத்திற்குப் பொருந்தவில்லை என்பதனாலேயே ஒருவனைத் தள்ளிவிடுதல் கூடாது என்னும் பாடத்தையும் அவர் வாழ்வு தருகிறது.

திறன் இருந்தும், அஃது எவ்வகையினது என்பதை உரியவரே அறியாதிருத்தலும் உண்டு. 1987ஆம் ஆண்டு சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பந்து வீச்சாளரான டென்னிஸ் லில்லி அங்குப் பயிற்சி அளித்தார். விரைவாகப் பந்து வீச விரும்பி, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பம்பாயிலிருந்து அங்கு வந்தான். லில்லி அவனுடைய வீச்சைக் கண்டு, மட்டை ஆட்டத்திலேயே கருத்தைச் செலுத்துமாறு அறிவுரை கூறி அனுப்பினார். அச்சிறுவனே சச்சின் டெண்டுல்கர். இரண்டே ஆண்டுகளில், 1989 நவம்பரில், பதினாறு வயதில் அவர் கராச்சியில் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். அன்று இந்திய அணியின் தலைவராக இருந்தவர் ஸ்ரீகாந்த். “இது உனக்கு ஆகாது” என்று கூறுவதும் அளப்பவரின் கடமையே. அதனோடு “இஃது உனக்கு ஆகும்” என்று மறுவழியைக் காட்டும்போதுதான் அம்மறுப்பு நன்மையாக மாறுகிறது.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டு அணியில் ஓங்கி அடிப்பதற்குப் பெயர் பெற்றவர் ஷாருக் கான். 1995ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், 2014இலேயே தமிழ்நாட்டுக்காக ஒருநாள் ஆட்டத்தில் ஆடினார். ஆனால், நாடு முழுதும் அவரை அறிவதற்கு மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. 2021 நவம்பர் 22ஆம் நாள் தில்லியில் நடைபெற்ற சையத் முஷ்டாக் அலி கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கருநாடகத்தை வெல்லக் கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அப்பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஆறு ஓட்டங்கள் பெற்றார் அவர். 15 பந்துகளில் அவர் எடுத்தவை 33 ஓட்டங்கள். கோப்பை தமிழ்நாட்டுக்குக் கிட்டியது.

அவ்வடியைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் கையின் வலிமையைப் போற்றினர். அளந்தறிவோர் கண்ணில் பட வேண்டிய செய்தியோ சில திங்கள் கழித்தே நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் தில்லி அணிக்கு எதிராக அவர் 148 பந்துகளில் 194 ஓட்டங்கள் குவித்தார். பதினைந்து பந்துகள் அடிப்பதற்குத் துணிவு வேண்டும். நூற்று நாற்பத்தெட்டுப் பந்துகள் நிலைத்து நிற்பதற்கு, எதனை அடிப்பது, எதனை விடுவது என்னும் தெளிவு வேண்டும். பயிற்சியில் காணும் வலிமை போட்டியில் காணும் வலிமையாக மாறுவதற்கு ஓர் இளைஞனுக்கு ஏழெட்டு ஆண்டுகளும் ஆகலாம் என்பதை அவர் ஆட்ட வாழ்வு காட்டுகிறது. அத்துணைக் காலம் வாய்ப்பளித்துக் காத்திருந்தவர்களின் பொறுமையும் அந்த 194 ஓட்டங்களில் அடங்கியிருக்கிறது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, ஏரிக்களத்து மாணவனிடம் மீண்டும் வரலாம். அவனை அளக்க விரும்பும் உடற்பயிற்சி ஆசிரியர், கரையைத் தாண்டிய பந்தைக் கண்டதோடு நில்லார். அடித்த பந்தைவிட அடிக்காமல் விட்ட பந்தையே அவர் கூர்ந்து நோக்குவார். பந்து வரும்போது அவன் தலை அசையாமல் நிற்கிறதா? கால் பந்தை நோக்கிச் செல்கிறதா, அன்றி உடல் பின்வாங்குகிறதா? மெதுவான பந்து வந்து ஏமாற்றியபின், அடுத்த மெதுவான பந்துக்கு அவன் காத்திருக்கிறானா? ஆட்டமிழந்த பின் மட்டையை வீசி எறிகிறானா, அன்றி ஓரமாக அமர்ந்து அடுத்தவன் எவ்வாறு ஆடுகிறான் என்று பார்க்கிறானா? இவையே அவர் எழுப்பும் வினாக்கள். அன்றியும் அவர் ஒரு நாள் கண்டு முடிவு கூறார். தோற்பந்தைக் கொடுத்து ஒரு நாள், ஈரக்களத்தில் ஒரு நாள், அவன் தோற்ற மறுநாள் ஒரு நாள் எனப் பன்முறை காண்பார்.

அவனுக்கு இல்லாதவற்றையும் அவர் கணக்கில் கொள்வார். நகரத்துச் சிறுவனுக்கு நன்கு அமைந்த ஆடுகளமும், தலைக்கவசமும், நாள்தோறும் பயிற்சியாளரும் வாய்க்கக் கூடும். சிற்றூர் மாணவனுக்கு வெடித்த ஏரித்தரையும் நண்பர்கள் காசு சேர்த்து வாங்கிய பந்துமே வாய்த்தவை. இருவரும் இன்று ஒரே அளவில் ஆடினால், நாளை மிகுதியாக வளரக்கூடியவன் யார் என்னும் வினாவுக்கு விடை எளிது. அமெரிக்கத் தெரிவாளர்கள் இரண்டு மதிப்பெண்களைத் தனித்தனியே எழுதுவதன் காரணமும் இதுவே. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டி, சென்னைக்கு வெளியே உள்ள இளைஞர்களும் காணப்படுவதற்கு ஒரு வாயிலைத் திறந்தது. வாயில் திறந்திருப்பது நன்று. அவ்வாயில்வரை மாணவனை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் வேண்டும்.

அத்தகைய ஆசிரியர் மாணவனிடம் உண்மையை மறைத்தல் ஆகாது. “உன் கையில் வலிமை இருக்கிறது, உன் கால் இன்னும் கற்க வேண்டும். ஆட்டத்தை விடாதே, பாடத்தையும் விடாதே” என்று அவர் கூறுவாராயின், அச்சொல் வெற்றுப் புகழையும் வெற்று இகழ்ச்சியையும் விடப் பன்மடங்கு உயர்ந்தது. இந்திய அணியில் ஒரு நாள் ஆடுவோர் பதினொருவரே. ஆடும் இளைஞரோ கோடிக்கணக்கினர். பெரும்பாலோர் அவ்விடத்தை எய்தார். எய்தாதவரின் உழைப்பும் பயனுறுமாறு வழிகாட்டுவதே நேர்மையான அளவை. ஸ்ரீகாந்த் மட்டையோடு பொறியியலையும் கற்றவர் என்பதை இளைஞர்கள் மறத்தல் கூடாது.

பிறரை ஆராய்ந்து தெளிவதை வள்ளுவர் ஒரு தனி அதிகாரமாகவே வைத்தார். திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அதனை அடுத்து நிற்பது தெரிந்து வினையாடல். ஒருவனை ஆராய்ந்து அறிவதும், அறிந்தபின் அவனுக்கு ஏற்ற பணியைத் தருவதும் அடுத்தடுத்து நிற்க வேண்டிய கடமைகள் என்பதை அவ்வதிகாரங்களின் வரிசையே உணர்த்துகிறது. அறிதல் மட்டும் இருந்து பணி தருதல் இல்லையேல் திறன் துருப்பிடிக்கும். அறியாமல் பணி தந்தால் பணியும் கெடும், பணிசெய்வோனும் கெடுவான்.

முதல் டெஸ்ட் ஆட்டத்தில் கோட்டைவிட்டு வெளியே நடந்து ஆட்டமிழந்த அதே ஸ்ரீகாந்த், 2008 முதல் 2012 வரை இந்திய அணியின் தேர்வுக் குழுத் தலைவராக விளங்கினார். நாடெங்கும் உள்ள இளைஞர்களை எடைபோடும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்குழு தெரிந்தெடுத்த அணியே, தோனியின் தலைமையில், 2011 ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் உலகக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அஸ்வினும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். அந்த வெற்றி கிட்டிய வான்கடே மைதானமே, முப்பது ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஸ்ரீகாந்த் கவனமின்றி நடந்து ஆட்டமிழந்த இடமாகும். முதிராத இளைஞன் ஒருவனின் பிழையை அன்று பொறுத்து, அவனுக்குள் இருந்ததை மீண்டும் ஒருமுறை நோக்கியவர்கள் ஓர் ஆட்டக்காரரை மட்டும் காக்கவில்லை. பின்னாளில் பிறரை நோக்கி அளக்கவல்ல ஒருவரையும் நாட்டுக்குத் தந்தனர்.